முன்சக்கரத்தின் மினுக்கு

புது டயரோடு எங்கள் ஆலை கொடுக்கும் சீட்டில் ஒரு வரி இருக்கிறது: “முதல் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டவும், முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டிலும், நடுவில் மட்டுமல்லாமல் இரு ஓரங்களிலும் மினுக்கு மறைந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளவும்.”

இந்த வரி நீளமாக இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று என் பழைய பிரிவில் இப்போது பேச்சு நடக்கிறது. வார்ப்பு அச்சு முன்போல் அவ்வளவு வழவழப்பாக இல்லை, புது டயரில் மினுக்கும் குறைவு. சாலையில் ஓட்டிப் பார்த்த வேலையில் பெரும்பகுதி, ஆலைக்குள்ளேயே டயரை உருட்டிச் சோதிக்கும் உருளை இயந்திரத்துக்குப் போய்விட்டது. அந்தப் பிரிவில் இப்போது பொறியாளராக இருக்கும் நித்யா தொலைபேசியில் கேட்டார்: “சார், இவ்வளவு நீளமா இதை யார் எழுதினது?” நான்தான் என்றேன். ஏன் என்றார். எழுதித் தருகிறேன் என்றேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அந்த ஆலையின் இருசக்கரப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்தேன். முதல் பத்தொன்பது ஆண்டுகள் சோதனை ஓட்டுநர். அதன்பின் புகார் ஆய்வாளர். டயரில் கோளாறு என்று யாராவது சொன்னால் போய்ப் பார்த்து, கோளாறு ஆலையிலா, மாட்டியவரிடமா, ஓட்டியவரிடமா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆலைக்கு வருவதற்கு முன் இரண்டு ஆண்டுகள் ஒரு மாலைப் பத்திரிகைக்கு ஆவடி வட்டாரச் செய்தி எழுதினேன். பெரும்பாலும் விபத்துச் செய்தி. சேர்ந்த முதல் வாரம் நான் எழுதிய ஓட்டக் குறிப்பை எங்கள் பிரிவுத் தலைவர் ஹபீப் சார் திருப்பிக் கொடுத்தார்.

“மாசிலாமணி, ‘வண்டி தறிகெட்டு ஓடியது’ன்னு எழுதியிருக்கே. தறிகெட்டுங்கிறது மணிக்கு எத்தனை கிலோமீட்டர்?”

அதன்பின் அந்தச் சொல்லை நான் பயன்படுத்தவில்லை.

ஹபீப் சார் டயரைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். தொட்ட பிறகு எல்லோரும் கழுவுவார்கள். முன்னால் கழுவியவர் அவர் ஒருவர்தான். கையில் இருக்கும் எண்ணெய் ரப்பருக்குப் போய்விட்டால் பிறகு பார்ப்பதெல்லாம் பொய் என்பார். நாங்கள் ஓட்டிவிட்டு வந்து சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். குந்தி உட்கார்ந்து டயரைப் பார்த்துக்கொண்டே கேட்பார். நாம் சொல்வதும் டயர் சொல்வதும் ஒத்துவராவிட்டால் மெதுவாகத் தலையைத் திருப்புவார். அவ்வளவுதான் கோபம்.

புது டயர் அச்சிலிருந்து வரும்போது பளபளவென்று இருக்கும். அச்சு வழவழப்பானது, அதனால் ரப்பரின் மேல்தோலும் வழவழப்பு. அதை நாங்கள் மினுக்கு என்போம். அந்தத் தோல் தேய்ந்து உள்ளிருக்கும் சொரசொரப்பு வெளியே வந்தால்தான் டயர் சாலையைப் பிடிக்கும். அதுவரை ஓட்டுவதை டயரைப் பழக்குவது என்போம். பழக்குவதற்கு ஒரு முறை உண்டு.

டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பார்க்க வேண்டும். பிறகு சுண்ணக்கட்டியால் ஓரத்திலிருந்து ஓரம் வரை குறுக்கே நான்கு இடத்தில் கோடு. ஆலை வாசலிலிருந்து கிளம்பி திருமுல்லைவாயில், ஆவடி, அங்கிருந்து பூந்தமல்லி, வந்த வழியே திரும்ப. ஒரு சுற்று நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முதல் சுற்றில் வேகம் நாற்பதைத் தாண்டக் கூடாது. திடீர் பிரேக் கூடாது. வளைவில் வண்டியைச் சாய்க்கக் கூடாது. திரும்பி வந்ததும் சுண்ணக்கோடு எவ்வளவு அழிந்திருக்கிறது என்று அளவுகோலை வைத்துப் பார்ப்போம். முதல் சுற்றில் நடுவில் இரண்டு விரல் அகலம்தான் அழிந்திருக்கும். ஓரத்துக் கோடு போட்டபடி இருக்கும். டயர் ஆறும்வரை நிறுத்திவைத்துவிட்டு, புதுக் கோடு போட்டு இரண்டாம் சுற்று. இப்போது வளைவுகளில் கொஞ்சம் சாய்க்கலாம். மூன்றில் இன்னும் கொஞ்சம். நான்காம் சுற்று முடிந்ததும் ஆலையின் பின்பக்க மைதானத்தில் எட்டுப் போட்டு ஓரங்களைத் தேய்ப்போம். கோடு முழுக்க அழிந்தால்தான் டயர் பழகியது என்று கையெழுத்து. இரண்டு நாள் வேலை.

நேரே ஓட்டினால் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் ஓரம் பழகாது. இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். டயர் கருப்பு, மினுக்கும் கருப்பு. திருவேற்காட்டிலிருந்து ஒருவர் புது டயர் முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவந்தார். “நீங்கதானே மினுக்கு போகணும்னு சொன்னீங்க, ஒரே காலையில போக்கிட்டேன்” என்றார். பள்ளமும் மேடுமாக இருந்தது. பாதி வாழ்வு போய்விட்டது.

பந்தய டயர் வேறு கதை. கால் மைல் நேர்கோட்டில் இரண்டு வண்டிகள் சீறிப் போகும் பந்தயத்தை டிராக் என்பார்கள். அதற்கென்று மென்மையான பின்டயர் ஒன்றை எங்கள் பிரிவு மூன்று ஆண்டுகள் செய்து பார்த்தது. வேலி அடைத்து அனுமதி வாங்கிய வாடகைத் தளத்தில் சோதனை. அந்த டயரை பர்னவுட் செய்து பழக்க வேண்டும். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தை மட்டும் நின்ற இடத்தில் சுழற்றுவதுதான் பர்னவுட். ரப்பர் சூடேறி மேல்தோல் உரியும். முதல் முறை மூன்று நான்கு விநாடிதான். புகை மேகம் கிளப்பக் கூடாது. பிறகு ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைத்துவிட வேண்டும். ஏன் சார், இப்போதே ஓட்டினால் என்ன என்று கேட்டதற்கு ஹபீப் சார் சொன்னார்: “சோறு வடிச்ச சூட்டோட யாராவது புளியோதரை கிளறுவாங்களா? கிளறினா களி. ஆறட்டும்.”

டிராக் வண்டி நேரேதான் போகும். ஆகவே பின்டயரின் நடுப்பகுதி உரிந்தால் போதும். டிராக் ஓட்டுகிறவர்கள் டயர் பழகிவிட்டது என்றால் அதுதான் அர்த்தம். நாங்கள் அதே வார்த்தையைச் சொன்னால் இரண்டு டயரும், ஓரத்திலிருந்து ஓரம் வரை. ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் தவறினேன்.

ஓய்வு பெறுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு நடந்தது. எங்கள் டயரை விற்கும் கடைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் வாடிக்கையாளர்களிடம் பேசுவதும் அப்போது என் வேலை. கள்ளிக்குப்பத்தில் ஒரு கடை. உரிமையாளர் நாயகம். டயர் மாட்டுகிறவர் கஸ்தூரி. நாற்பது வயதிருக்கும் பெண். தொழிற்பேட்டையில் ஒரு ஆலையில் பெட்டி கட்டும் வேலையிலிருந்து வந்து, ஒன்பது ஆண்டுகளாக அந்தக் கடையின் டயர் கழற்றும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக வருகிறவர்கள் மாட்டுகிற ஆள் எங்கே என்று கேட்பார்கள். “எதிர்ல நின்னுகினு கீறேன், கண்ணு தெர்லயா?” என்பார்.

அவர் வேலையில் ஒரு ஒழுங்கு இருந்தது. டயரின் விளிம்பைச் சக்கர வளையத்தில் ஏற்ற சோப்புத் தண்ணீர்தான்; எண்ணெய் பாட்டிலை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வரவிடமாட்டார். புது டயர் போட்டதும் சிலர் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றாமல் கிளம்பமாட்டார்கள். அதற்கும் தடை சொல்லமாட்டார். ஆனால் பழம் நசுங்கியதும் வண்டியை நிறுத்தி ஈரத்துணியால் டயரைத் துடைப்பார். “சாமிக்கு வச்சாச்சில்ல, சாறு எதுக்கு ரோட்டுக்கு?” என்பார்.

ஒரு வியாழக்கிழமை மதியம் சதீஷ் வந்தான். முத்தாபுதுப்பேட்டைக்காரன், தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவன். வாரநாளில் அதே வண்டியில் வேலைக்குப் போவான். ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் டிராக் பயிற்சி. இரண்டு சக்கரத்துக்கும் எங்கள் புது டயரை கஸ்தூரி மாட்டினார். கடை அட்டையில் வண்டியின் மீட்டர் எண்ணை எழுதினார். நான் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

“அண்ணாத்தே, கம்பெனி ஆளா நீங்க? இதை எப்போலேர்ந்து முறுக்கலாம்?” என்றான் சதீஷ்.

நூற்றைம்பது கிலோமீட்டர், இரண்டு சக்கரம், இரு ஓரம் என்று ஒன்றரை நிமிடம் சொல்ல வேண்டியது. பையை மாட்டிக்கொண்டே, “மினுக்கு போயிட்டா டயர் தயார்” என்றேன். டயரில் விரலை வைத்து மினுக்கைக் காட்டினேன். பின்டயரில் காட்டினேன். அதுதான் எனக்குப் பக்கத்தில் இருந்தது.

“போச்சான்னு எப்டி தெர்யும்?”

“பார்த்தா தெரியும். சந்தேகம்னா போட்டோ எடுத்து அனுப்பு” என்று என் கைப்பேசி எண்ணைக் கொடுத்தேன்.

ஞாயிறு பகல் படம் வந்தது. பின்டயரின் நடுப்பகுதி, மிக அருகில் வைத்து எடுத்தது. கறுத்து, சொரசொரவென்று உரிந்திருந்தது. கீழே, “மினுக்கு பூட்ச்சு அண்ணாத்தே. ஓக்கேவா?” நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கட்டைவிரலை உயர்த்திய பொம்மையை இடது கையால் அனுப்பினேன்.

திங்கள் காலை ஆறரை மணிக்கு முதல் ஷிப்டுக்குப் போகும்போது, பிரதான சாலைக்குத் திரும்பும் வளைவில் சதீஷ் விழுந்தான். முன்சக்கரம் வழுக்கிவிட்டது. லேசான தூறல் வேறு. இடது தொடை எலும்பு முறிந்தது. பார்க்கப் போன அவனுடைய அக்கா கணவர், முன்டயரின் ஓரம் எண்ணெய் தடவியது போல் பளபளப்பதைக் கண்டார். டயர் மாட்டும்போது அந்தப் பெண் எண்ணெய் தடவிவிட்டாள் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார். வண்டியை நிலையத்துக்கு எடுத்துப் போனார்கள். மதியமே கஸ்தூரியை வரச்சொன்னார்கள். ஆலையிலிருந்து ஆய்வு அறிக்கை வரட்டும், அதுவரை தினமும் காலையில் வந்து மாலையில் போங்கள் என்றார்கள். நாயகம் தன் பங்குக்கு, “பேப்பர் வர்ற வரைக்கும் மிஷின்ல கை வைக்காதம்மா” என்று சொல்லிவிட்டார். அறிக்கையில் எண்ணெய் என்று வந்தால் வேலையும் போகும், வழக்கும் வரும். ஒன்பது ஆண்டு மாட்டிய டயர்கள் எதுவும் சாட்சிக்கு வராது.

செவ்வாய்க்கிழமை காலை நிலையத்துக்குப் போனேன். முற்றத்தில் வேப்பமரத்தடியில் வண்டி. சதீஷின் அக்கா கணவர், நாயகம், கஸ்தூரி மூவரும் நின்றிருந்தார்கள்.

“இதோ பாருங்க சார், எப்டி மின்னுது. முகம் பாத்து தலை வாரலாம்” என்றார் அக்கா கணவர்.

“நீ தடவுனியாம்மா?” என்று நாயகம் கேட்டார். அவர் அதை எத்தனையாவது முறை கேட்கிறார் என்று தெரியவில்லை.

“இல்ல மொதலாளி. தலைக்கே எண்ணெ இல்ல, டயருக்கு எங்கேர்ந்து தடவறது?”

நிலையத்துக் குழாயில் கை கழுவிவிட்டுப் பார்த்தேன். முன்டயரின் நடுவில் இரண்டு விரல் அகலம் மங்கியிருந்தது. இருபுறமும் அச்சிலிருந்து வந்தபடி மினுக்கு. அச்சில் உண்டாகும் ரப்பர் முடிகள் ஓரத்தில் அப்படியே நின்றிருந்தன. இடது ஓரத்தில் உள்ளங்கை அளவுக்குச் சாலை உராய்ந்த தடம். பின்டயரின் நடு முழுக்க உரிந்து, ஓரத்தில் அதே மினுக்கு. நடு மட்டும் அப்படி உரிவது பர்னவுட்டில்தான். அந்த வண்டியின் மீட்டர் முன்சக்கரத்தோடு இணைந்தது. ஆகவே அது முன்டயர் உருண்ட தூரம். அட்டையில் இருந்த எண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் பதினேழு கிலோமீட்டர். வெள்ளியும் சனியும் சதீஷ் விடுப்பில் இருந்ததாகவும், பயிற்சிக்கு வண்டியை மினிலாரியில் ஏற்றிக்கொண்டு போனதாகவும் அக்கா கணவரே சொன்னார்.

பர்னவுட்டில் முன்சக்கரம் அசையாது. ஞாயிறு முழுக்கப் பின்டயரைப் பழக்கியவன், திங்கள் காலை பழகாத முன்டயரைச் சாய்த்திருக்கிறான்.

எண்ணெய் இல்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும். வெள்ளைத் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து ஓரங்களைத் துடைத்து, துணியை ஒற்றுத்தாளில் அழுத்தினேன். எண்ணெய் இருந்தால் ஸ்பிரிட் காய்ந்த பிறகும் பஜ்ஜி வைத்த தாள் மாதிரி வெளிச்சம் ஊடுருவும் கறை நிற்கும். தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கறை இல்லை. நான்கு இடத்தில் எடுத்தேன். நான்கிலும் இல்லை. விளிம்பில் காய்ந்த சோப்புத் தடம் மட்டும்.

“இன்னா சார் வந்துச்சு?” என்று கஸ்தூரி கேட்டார்.

“ஆபீஸ்ல வச்சுப் பார்க்கணும்மா” என்றேன்.

பார்க்க வேண்டியது எதுவும் இல்லை. அறிக்கைப் படிவத்தில் மூன்றாவது பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு: பொருத்தும்போது கூறப்பட்ட ஆலோசனை, கூறியவர். எண்ணெய் இல்லை என்று எழுதிவிட்டால் அடுத்த கேள்வி, பிறகு ஏன் விழுந்தான் என்பது. டயர் பழகாமல் விழுந்தான் என்றால் அதற்கடுத்த கேள்வி, பழகிவிட்டது என்று அவனுக்குச் சொன்னது யார். இதை இவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் செவ்வாய் மாலை படிவத்தை எடுத்தேன், வைத்தேன். புதன்கிழமை நிலையத்திலிருந்து கேட்டார்கள். ஆய்வில் இருக்கிறது என்றேன். வியாழக்கிழமையும் அதே பதில். வெள்ளி மதியம் எழுதி ஹபீப் சார் மேசையில் வைத்தேன். அந்தக் கட்டத்தில், “வழக்கமான ஆலோசனை வழங்கப்பட்டது” என்று எழுதியிருந்தேன்.

நான்கு மணிக்குக் கூப்பிட்டார். அறிக்கையை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

“வழக்கமானன்னா என்ன வார்த்தை?”

“டயரைப் பழக்கணும்னு சொன்னேன் சார்.”

“அது பொருள். நான் கேக்கறது வார்த்தை.”

“மினுக்கு போயிட்டா டயர் தயார்.”

“எந்த டயர்னு சொன்னியா?”

“இல்லை சார்.”

“அவ்வளவுதானா? வேற ஏதாவது பேசினானா?”

கைப்பேசியைத் திறந்து அவர் முன் வைத்தேன். படத்தை நெடுநேரம் பார்த்தார். அதன் கீழிருந்த கட்டைவிரலைப் பார்த்தார்.

“படிக்கத் தெரியாதவங்க கைநாட்டு வைப்பாங்க, மாசிலாமணி. நீ படிக்காமலே கைநாட்டு வச்சிருக்கே.”



“தாள்ல கறை இல்லைன்னு உனக்கு எப்போ தெரியும்?”

“செவ்வாய்க்கிழமை காலை சார். பதினொரு மணி இருக்கும்.”

“அதை மட்டும் ஒத்தை வரியில எழுதி அன்னிக்கே ஸ்டேஷன்ல கொடுத்திருக்கலாம். மீதியை நாம இங்க மெதுவா எழுதியிருக்கலாம். அந்தம்மா அங்க எத்தனை நாளா உக்காந்திருக்காங்க?”

எனக்குத் தெரிந்த கணக்கைச் சொன்னேன். அவர் அறிக்கையை என் பக்கம் தள்ளினார். கோபமாகத் தள்ளவில்லை, படிக்கிற மாதிரி திருப்பித் தள்ளினார்.

“ரெண்டு அறிக்கையா எழுது. ஒண்ணு, எண்ணெய் இல்லை, மாட்டினவங்க வேலையில குறை இல்லை. அது ஸ்டேஷனுக்கு. ரெண்டாவதுல நீ சொன்ன வார்த்தை, அனுப்பின படம், பதிலுக்குப் போன விரல். மேற்கோள் குறிக்குள்ள. அது எனக்கு.”

முதலாவதை எழுத அரை மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது முடிய இருட்டிவிட்டது. ஆலையின் முத்திரை சனிக்கிழமை காலைதான் கிடைத்தது. பதினொரு மணிக்கு நிலையத்தில் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கினேன். கஸ்தூரி அப்போது உள்ளே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நான் காத்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஞாயிறு மருத்துவமனைக்குப் போய் சதீஷைப் பார்த்தேன். காலை மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். பழகியது பின்டயர், வழுக்கியது முன்டயர், நான் சரியாகச் சொல்லவில்லை என்று சொன்னேன். 

“அப்ப அந்தக்கா ஒண்ணும் பண்லயா?”

“இல்லை.”

“அடச்சே. மாமா அவங்கள வேற இஸ்து உட்டாரே.” பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். “நீங்க கட்டவிரல் காட்டுனீங்கோ, நான் காலையே தூக்கிக் காட்டிட்டேன். முன்னாடி வீலை நானும் பாக்கல, நீங்களும் பாக்கல. உடுங்க அண்ணாத்தே.”

மறுநாள் அவன் மாமா புகாரைத் திரும்பப் பெற்றார்.

எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. ஓராண்டு வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை கிடையாது. சீட்டின் வாசகத்தைத் திருத்தி எழுதும் வேலையை ஹபீப் சார் என்னிடமே கொடுத்தார். பதினோரு முறை திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும், “இதை அவசரத்துல படிக்கிறவன் என்ன புரிஞ்சுக்குவான்?” என்பதுதான் கேள்வி. முன்சக்கரம் என்ற சொல் நான்காவது முறை வந்தது. கண்ணால் என்பது கடைசியில் வந்தது. நித்யா, அந்த வரி நீளமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். எடுப்பதும் வைப்பதும் இனி உங்கள் பிரிவின் முடிவு.

கள்ளிக்குப்பம் கடைக்கு, புகாரைத் திரும்பப் பெற்ற அதே வாரம் புதன்கிழமை போனேன். வேலையாகப் போகவில்லை; விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கஸ்தூரி இயந்திரத்தில் இருந்தார். ஒரு பழைய டயரைக் கழற்றி முடிக்கும்வரை நின்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“இன்னா சார், நின்னுகினே கீறீங்க. உக்காருங்க.”

உட்காராமலே சொன்னேன். தாளில் கறை இல்லை என்று செவ்வாய்க்கிழமையே தெரியும், என் பெயர் வரும் என்பதால் தள்ளிப்போட்டேன், நான்கு நாள் உங்களை அங்கே உட்காரவைத்தது நான்தான் என்றேன்.

“தெர்யும் சார். நீங்க அந்தத் தாள வெயில்ல புட்சப்போ நானும் பின்னாடிலேர்ந்து பாத்துகினுதானே இருந்தேன். சுத்தமா இருந்துச்சு. சொல்லுவீங்கோ, சொல்லுவீங்கோன்னு பாத்தேன்.” கம்ப்ரசரின் சத்தம் அடங்கும்வரை நிறுத்தினார். “ஆனா நாலு இல்ல சார். அஞ்சு.”

“சனிக்கிழமை காலையிலேயே அறிக்கை கொடுத்துட்டேனே.”

“நீங்க குட்த்தீங்க. அதைப் பாத்து கையெழுத்துப் போட வேண்டிய ஐயா வெளிய பூட்டாரு. ஆறு மணிக்குத்தான் வந்தாரு, அதுக்கப்புறம்தான் என்னை அனுப்புனாங்கோ.”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா. நான் வந்து பேசியிருப்பேன்.”

“பண்ணேனே சார். ரெண்டு மணிக்கு. உங்க ஊட்டம்மாதான் எடுத்தாங்கோ. சாப்ட்டு தூங்குறாரு, எழுப்பட்டுமான்னாங்க. வேணாம்னுட்டேன்.”